எறும்புத்தின்னியை எங்கே விடுவது

லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்காதான் அந்த எறும்புத்தின்னியை உரச்சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார். பின்னங்காலில் சுருக்குக் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. காயம்பட்ட காட்டு விலங்குகளைத் தேற்றித் திரும்பக் காட்டில் விடும் சின்னக் காப்பகம் எங்களுடையது. நான் நன்றி சொல்லவில்லை. யார் வைத்த சுருக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய் என்று முகமே சொன்னது. வனவிலங்கு இலாகாவில் சொல்லி, சுருக்கு வைத்தவனை உள்ளே தள்ளுவேன் என்று கத்தினேன். அவர் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

கூண்டில் வைத்த எதையும் அது தின்னவில்லை. எறும்புத்தின்னி அப்படித்தான். தட்டில் போட்டால் பட்டினி கிடந்து சாகும். காலில் கட்டோடு வெளியே நடத்திப் போய், அதுவே புற்றைத் தோண்டித் தின்னும்வரை பின்னால் நிற்க வேண்டும். ஏழு வாரம், தினமும் மாலையில் அதன் பின்னால் நடந்தேன். உட்கார முடியாது, உட்கார்ந்தால் புதருக்குள் போய்விடும். அது தின்ற செவ்வெறும்பைவிட என் காலைக் கடித்தவைதான் அதிகம். ஒருவழியாகக் கால் ஊன்றியது. அடைத்தே வைத்தால் நோய் வந்து செத்துவிடும், சீக்கிரம் விடு என்றார் விலங்கு டாக்டர். பிடிபட்ட இடத்துக் காட்டிலேயே விடச் சொல்லி இலாகாவும் அனுமதி கொடுத்தது.

அந்தக் காட்டோரம் முழுக்கச் சுருக்கு. எங்கெங்கே என்று வைத்தவனுக்குத்தான் தெரியும். அவனைத்தான் நான் உள்ளே தள்ளுவதாகச் சொல்லியிருந்தேன்.

வேறு வழியில்லாமல் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வைத்தது தன் புருஷன்தான் என்று வாசலிலேயே சொன்னார். காட்டுப்பன்றி செம்பனை இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போடுகிறதாம், பன்றிக்கு வைத்ததில் இது மாட்டிக்கொண்டதாம்.

"விக்கறதுன்னா அன்னிக்கே வித்திருப்போம். வாங்குற ஆள் வீடு தேடி வந்து கேட்டான். உங்ககிட்ட கொண்டாந்ததுக்கு உள்ள தள்ளுவேன்னீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதுகூடச் சரியாக வரவில்லை. சுருக்குகளை எடுக்க உதவச் சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் காலை அவர் புருஷன் கம்பி வெட்டும் குறடோடு வந்தார். காட்டோரம் முன்னும் பின்னும் நடந்தார். ஒன்றையும் காணோம். தோட்டத்து ஆட்கள் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு சுருக்குக்கும் பக்கத்து மரத்தில் சிவப்பு ரஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டுவது அவர்கள் வழக்கமாம். ஒரு கயிறுகூட இல்லை.

"எவனோ எல்லாத்தையும் அவுத்துட்டான்லா. இப்ப நானே மாட்டிக்குவேன்."

எவனோ இல்லை, நான்தான். அனுமதி வந்ததும் காப்பகத்து ஆட்களோடு அந்த இடத்தைச் சுத்தம் செய்யப் போயிருந்தோம். விலங்கு தின்றுவிடுமே என்று பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கினோம். எந்த முட்டாள் காட்டில் கயிறு கட்டுகிறான் என்று திட்டிக்கொண்டே அத்தனை சிவப்புக் கயிறுகளையும் என் கையால் அறுத்துக் குப்பையில் போட்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

"நல்லா சுத்தம் பண்ணீங்கம்மா."

அக்காவும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் வரிசையாக நின்று கம்பால் தரையைக் குத்திக்கொண்டே நடந்தோம். மூன்று நாளில் பதினான்கு சுருக்கு எடுத்தோம். மொத்தம் எத்தனை என்று கேட்டேன். பதினாறோ பதினேழோ என்றார் அக்காவின் புருஷன். அதுவும் தன்னுடையது மட்டும், மற்றவர்கள் வைத்தது தனக்குத் தெரியாது என்றார்.

இதற்குள் எறும்புத்தின்னி கூண்டுச் சுவரைச் சுரண்டிச் சுரண்டி மூக்கில் ரத்தம் வர வைத்துக்கொண்டிருந்தது. இனிக் காத்திருக்க முடியாது. நான்காம் நாள் மாலை விட்டோம். திரும்பிப் பார்க்காமல் போனது.

நல்ல காரியம் செய்தோம் என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. ஞாயிறுதோறும் நானும் அக்காவும் அந்தக் காட்டோரம் சுருக்குத் தேடி நடக்கிறோம். போன வாரம் ஒன்று எடுத்தோம். துருப்பிடிக்காத புதுக்கம்பி. தன் புருஷன் வைக்கவில்லை என்றார் அக்கா. நம்புகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. நான் கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டேன்.