ஏழு குடியும் ஒரு மௌலவியும்

எந்தப் பக்கத்திலும் சேராத ஒருவனை எல்லாப் பக்கத்தாரும் நம்புகிறார்கள் என்றால், அது அவனை மதிப்பதாலா, அல்லது அவனை ஓர் ஆளாகவே எண்ணாததாலா? மீராமுகைதீன் மௌலவி கல்முனைக்குத் தெற்கே அந்தக் கடலோர ஊரில் வாழ்ந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி அவருக்குப் பின்னால் நடந்து வந்தது. ஊரார் அதைக் கண்டதில்லை. அவர் கண்டிருக்க வேண்டும்.

அவர் பேருவளையில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் தாய்வழிக் குடி என்ற ஏற்பாடு கிடையாது. இந்த ஊரிலோ குடி இல்லாமல் ஒருவன் சாகக்கூட முடியாது. கபுறுக் குழி வெட்ட முதலில் வரவேண்டியவர்கள் குடிக்காரர்கள்தாம். பிள்ளைகள் உம்மாவின் குடியில் சேருவார்கள். ஒரே குடியில் பிறந்தவர்கள் உடன்பிறப்புகளாகக் கருதப்படுவதால் தங்களுக்குள் கலியாணம் முடிப்பதில்லை. ஊரில் ஏழு குடி. பள்ளிவாசலை நிர்வகிக்கக் குடிக்கொரு மரைக்கார்.

கல்லோயா அணைத் தண்ணீர் வந்து சிறுபோகமும் விளையத் தொடங்கியதும் பெரும் வயற்காரர்களான போடிமாருக்கு மறுமையைப் பற்றி யோசிக்க ஓய்வு கிடைத்தது. ஐம்பத்திரண்டாம் ஆண்டில் ஓர் அறபுக் கல்லூரியை ஆரம்பித்தார்கள். அதன் பெயர், பலகையில் மூன்று வரி பிடித்தது. கட்டடத்துக்கு ஓலை வேய்வதற்கு முன்பே பதவிகள் பங்கிடப்பட்டன. அதிபர் ஒரு குடிக்கு, உப அதிபர் ஒரு குடிக்கு. முகாமையாளர், செயலாளர், தனாதிகாரி என்று மேலும் மூன்று போயின. விடுதிப் பொறுப்பு ஆலடிக் குடிக்குக் கிடைத்தது. ஏழாவது குடிக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாதபோது யாரோ ஒருவர் மணியை நினைவுபடுத்தினார். அந்தக் குடியின் கலந்தர் காக்கா மணிப் பொறுப்பாளரானார்.

பாடம் நடத்துவதை யாரும் பதவியாக எண்ணவில்லை. அதற்கு வெளியூரிலிருந்து ஒரு மௌலவியைப் பிடித்தால் எந்தக் குடியின் தட்டும் தாழாது என்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்தான் மீராமுகைதீன். விடியற்காலை சுபஹிலிருந்து பின்னேரம் அஸர் வரை எல்லாப் பாடங்களையும் அவர் ஒருவரே நடத்தினார். வந்த வருடமே விடுதிப் பொறுப்பாளர் சீனிமுகம்மதுவின் தங்கை சரீபாவை மணமுடித்து, ஊர் வழக்கப்படி பெண்வீட்டுக்குப் போனார். அந்த வளவில் அவருடைய மாமிக்கும் பெண்சாதிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆலடிக் குடி. அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஒருமுறை நாவிதன்வெளியில் அறுவடைக்குப் போன கலந்தர் காக்கா சொன்ன நாளில் திரும்பவில்லை. மணி அடிக்காமல் பாடம் முடியாது; பாடம் முடியாமல் பிள்ளைகள் சாப்பிட முடியாது. பொறுத்துப் பார்த்த மௌலவி எழுந்துபோய்த் தாமே அடித்தார். மறுநாள் அந்தக் குடியின் பெரியவர்கள் திரண்டு வந்தார்கள்.

“மௌலவி, நீங்க அடிச்சது மணிய இல்ல, எங்கட குடிட மரியாதைய” என்றார் கலந்தர் காக்கா, வயற்சேறு காயாத காலோடு.

மௌலவி மன்னிப்புக் கேட்டார். அவருக்காகப் பேச யாரும் வரவில்லை. வருவதற்கு ஆளில்லை.

ஐந்தாறு வருடங்களில் அதிபர் ஷரிபுதீன் ஆலிம் மௌத்தானார். மார்க்கம் ஓதியவர்தான், ஆனால் கடைசிக் காலத்தில் கல்லூரிக்கும் அவருக்கும் இருந்த உறவு, வெள்ளிக்கிழமைகளில் அங்கே குடித்த தேநீர் அளவில் நின்றிருந்தது. அவருடைய குடி உடனே மருமகன், அவருடைய சகோதரியின் மகன், மஜீடின் பெயரைச் சொன்னது. மஜீட் சம்மாந்துறையில் நெல் ஆலை நடத்துபவர். அறபு எழுத்தை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று தெரியுமா என்று மற்றக் குடிகள் கேட்டன. அதிபர் ஓதத் தேவையில்லை, ஓதியவர்களை வைத்து நடத்தத் தெரிந்தால் போதும் என்று பதில் வந்தது. மற்றக் குடிகளும் தத்தம் ஆளைச் சொல்லின. அவர்களிடம் ஆலைகூட இல்லை.

மௌலவிக்கு அந்தப் பதவியில் ஆசை இருந்தது. அதை மறைத்து அவரைப் பெரியவராக்க வேண்டியதில்லை. நாற்காலி, தலைமை, வரவேற்பு எல்லாவற்றிலும் ஆசை இருந்தது. ஒருநாள் முகாமையாளர் முகைதீன்பாவா போடியாரிடம் போய், பாடம் நடத்துகிறவனே அதிபராக இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டார்.

போடியார் வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். “நீங்க நல்ல மனிசன் மௌலவி. கரைச்சலே அதுதான். ஒரு குடிக்காரன் பிழ செஞ்சா அவண்ட குடிக்கிட்டப் போய்ச் சொல்லலாம். நீங்க பிழ செஞ்சா நாங்க ஆருட்டப் போற? கடலுக்கிட்டயா?”

இது முட்டாள்தனமான பேச்சு அல்ல. பல நூல்கள் இதைவிட மெலிந்த நியாயத்தில் நிற்கின்றன.

ஆனால் குடிகளின் சண்டை முற்றி, போகிற போக்கில் கல்லூரியே பூட்டப்படும் நிலை வந்தபோது போடியாரே வழி கண்டார். மௌலவிக்கு ஒரு குடியைக் கொடுத்துவிடலாம். அவர் விரும்பிய குடியில் சேரட்டும். அந்தக் குடியின் ஆளாகவே அதிபராகட்டும். அப்படியென்றால் அந்தக் குடிக்கு இரண்டு பதவியாகிவிடுமே என்று மற்றவர்கள் பாய்ந்தார்கள். ஆகவே மற்றக் குடிகளுக்கும் இன்னுமொரு பதவி வழங்கத் தீர்மானமாயிற்று. பரீட்சைப் பொறுப்பு, கிணற்றுப் பொறுப்பு, விருந்தினர் பொறுப்பு என்று அவை பிறந்தன. நூலகத்துக்கும் ஒருவர் வந்தார். நூலகம் ஓர் அலுமாரி, அதன் பூட்டுத் திறப்பு தனாதிகாரியின் இடுப்பில். அன்றோடு கல்லூரியில் மாணவர்களைவிட உத்தியோகத்தர்கள் கூடினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஆலடிக் குடியில் மட்டும் அவர் சேர முடியாது. சேர்ந்தால் சரீபா அவருக்குத் தங்கச்சி முறையாகிவிடுவாள். மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. அதிபராகப் போகிறவர் அவர்தானே.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர் குடியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க அவர் ஊருக்கு வேண்டியவரானார். எருமைத் தயிர் முட்டிகள் வந்தன. மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று வந்தது. கலந்தர் காக்கா ஒரு பெரிய பாரைமீனைத் தாமே தூக்கி வந்து, மணியைப் பற்றிய பழைய கதையை மறந்துவிடச் சொன்னார். மௌலவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். முகத்தில் புதிய ஒரு செழிப்பும் தெரிந்தது.

சீனிமுகம்மதுவுக்குத்தான் எரிச்சல். இத்தனை வருடம் சோறு போட்டது ஆலடிக் குடி, அறுத்து அடுக்கப்போவது வேறு குடியா என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். “மச்சான் எந்தக் குடிக்குப் போனாலும் விடுதிப் பொறுப்பு எனக்குத்தான் எண்டு முதல்ல கதைச்சி வைக்கச் சொல்லு” என்றார். அவர் விடுதியில் ஒரு நாளும் படுத்ததில்லை.

சரீபா வியாழக்கிழமை பகல் பாரையின் தலையை ஆணத்தில் போட்டு அவருக்குப் பரிமாறினாள். ஊரில் பெண்சாதியோடு கோபித்துக்கொண்ட ஆண்கள் உம்மா இருக்கும் குடிவீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார்கள். மௌலவி மட்டும் கடற்கரைக்குப் போய் மணலில் இருந்துவிட்டு அன்றைக்கே திரும்பி வருவார். அதை நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“இனி கோவம் வந்தா உங்களுக்கும் போறதுக்கு ஒரு வீடு இரிக்கும்.”

மௌலவியும் சிரித்தார். பிறகு சோற்றைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவினார்.

ஜும்ஆ முடிந்ததும் யாரும் எழும்பவில்லை. குடி குடியாக இருந்தார்கள். போடியார் சபைக்கு விடயத்தைச் சொல்லி, மௌலவியைப் பார்த்தார். மௌலவி எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்தார்.

“ஆலடிக் குடி” என்றார்.

நாக்குத் தவறிவிட்டது என்றே போடியார் எண்ணினார். “மௌலவி, அது ஏலாதெண்டு கதைச்சதானே?”

“ஓம் போடியார், கதைச்ச” என்றார் மௌலவி. பிறகு அதே பெயரை இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மஜீட் அதிபரானார். புதிய பதவிகள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதால் அவை அப்படியே நின்றன. சரீபாவின் நிக்காஹ் இன்னும் செல்லுமா என்று சிலருக்குக் கவலை வந்தது. அதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவரிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

அவருக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள் சிலர். எல்லாரையும் சீண்டிப் பார்த்தார் என்றார் கலந்தர் காக்கா, பாரைமீனை எண்ணி. பெண்சாதியில் உள்ள ஆசை என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று உண்டு, ஒன்றும் போதாது. சரீபா ஒரே ஒரு முறை கேட்டாள். அவர் ளுஹர் பாடத்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிட்டார்.