கப்பல் ஏறும் முன் கட்டிய தாலி

நான் கல்யாணம் செய்துகொள்ளக் கடல் தாண்டப் போகிறேன் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் யாழ்ப்பாணத்தில் எனக்காகக் காத்திருந்தவர். இன்னொருத்தி, காரைக்காலில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் பக்கத்து மேசைக்காரி. திருமலைராயன்பட்டினத்துப் பெண், கணவர் துபாயில் இருந்தார். குரும்பகரத்தில் அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவிடம், தெரிந்தவர்கள் நாலு பேரோடு யாழ்ப்பாணத்து நல்லூர் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லியிருந்தேன். "கப்பல்லயா? பாத்துப் போய்ட்டு வா" என்றாள் அம்மா. கூட வரும் நாலு பேர் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் காத்திருந்த அவரும் நானும் தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ ஒன்றாகப் படித்தவர்கள். அவர் அகதி முகாமில் வளர்ந்தவர். படிப்பு முடிந்த சில மாதங்களில் அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. சாவதானால் சொந்த ஊரில் சாகவேண்டும் என்று அந்த மனிதர் பிடிவாதமாக இருக்க, யாரிடமும் அனுமதி வாங்காமல் குடும்பத்தோடு ஒரு படகில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த ஒரு பயணம் அவருக்கு இந்தியாவின் கதவைச் சாத்திவிட்டது. பிறகு இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

இடையில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது. ஆறு வருடத்தில் கோர்ட்டில் முடிந்தது. அதன்பின் தருமபுரத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். பழைய வகுப்புக்காரர்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அவர் எண் வந்தபோது எங்கள் இருவருக்கும் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு வருடம் போனில் பேசினோம். அவரால் வர முடியாது என்பதால் நான்தான் போகவேண்டும். அங்கே பதிவுத் திருமணம் ஆனால்தான் மனைவி என்று சொல்லி அங்கே தங்க விசா கேட்க முடியும்.

முதலில் காகிதங்கள்தான் பயமுறுத்தின. பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருந்தது. கோர்ட் தீர்ப்பில் முன்னால் ஒரே ஒரு இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அந்த இனிஷியலும் வேறு. "மூணும் ஒரே ஆள்தான்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க, இல்லாட்டி அங்க நிறுத்திடுவாங்க" என்றார் நோட்டரி. நான் நான்தான் என்று எழுதிய தாளுக்காக மூன்று தடவை அலுவலகம் ஏறி இறங்கினேன். கூடவே, விவாகரத்தானவள், தற்போது திருமணம் ஆகாதவள் என்று ஒரு சான்றிதழ். எல்லாவற்றையும் ஒரு நீல பைலில் போட்டு, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

புறப்பட்ட காலையில் தோழி ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். நாகப்பட்டினம் துறைமுகம் வரை கூட வருவதாகப் பிடிவாதம். வாஞ்சூர் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். நாகூருக்கு நூறு முறை போன வழி அது. பாண்டிச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் மது பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அன்று போலீஸ்காரர் என் சூட்கேஸின் மேல் கை வைத்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எங்கம்மா போறீங்க?"

தோழி முந்திக்கொண்டாள். "இலங்கைக் கப்பலுக்குங்க. கோயிலுக்குப் போறாங்க."

அவர் கையசைத்து அனுப்பிவிட்டார். ஆட்டோ நகர்ந்ததும் தோழி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன புள்ள, ஐஸா இருக்கு? இதுக்கே இப்படின்னா அங்க போய் என்ன பண்ணுவே? நான் துஆ செஞ்சிட்டுத்தான் இருக்கேன். நீ வாயத் தொறந்து பேசு, அது போதும்."

துறைமுகத்தில் அவளை உள்ளே விடவில்லை. வெளிக்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். நான் தனியாக வரிசையில் நின்றேன். பை எந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. சுங்கத்தில் இருந்த பெண் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுச் சூட்கேஸைத் திறக்கச் சொன்னார். கூறைப்புடவையின் மடிப்புக்குள் ஒரு சின்ன டப்பா. அதற்குள் மஞ்சள் கயிற்றில் கோத்த புதுத் தாலி.

"இது யாருது?"

"என்னுதுங்க."

"புதுசா இருக்கே. கழுத்துல போடாம பையில ஏன் எடுத்துட்டுப் போறீங்க? விக்கவா?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோயில், திருவிழா என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாம் கரைந்து போயிற்று. "கல்யாணம் பண்ணிக்கப் போறேங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னொரு முறை சொல்லவேண்டியதாயிற்று.

அவர் டப்பாவை மூடினார். "வீட்ல தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

"பாருங்கம்மா, நான் விட்டுடறேன். ஆனா அந்தப் பக்கமும் இதே கேள்வி வரும். பையில இருக்கற புது நகைக்குத்தான் கேள்வி. கழுத்துல இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பையைப் பார்க்கத் தொடங்கினார்.

பெண்கள் கழிப்பறையில் ரசம் போன ஒரு கண்ணாடி இருந்தது. அதன் முன் நின்று கயிற்றைக் கழுத்தைச் சுற்றி எடுத்தேன். முதல் கல்யாணத்தில் முந்நூறு பேர் அட்சதை போட்டார்கள், அது நிலைக்கவில்லை. இப்போது தண்ணீர் சொட்டும் குழாய்க்குப் பக்கத்தில் நானே எனக்குத் தாலி கட்டிக்கொள்கிறேன். இதைவிட அபசகுனம் வேறு உண்டா? விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு முடிச்சு மட்டும் போட்டேன். ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக் கப்பல் ஏறினேன்.

கரை மறைந்ததும் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். எனக்கு வாந்திகூட வரவில்லை. பேப்பரில் படித்த செய்திகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வெளிநாட்டில் கட்டிக்கொடுத்துக் காணாமல் போன பெண்கள், இரண்டாவது குடும்பம் வைத்திருந்த மாப்பிள்ளைகள். போனில் இரண்டு வருடம் அழகாகப் பேசுவது யாருக்கும் முடியும். என் முதல் கணவர்கூடப் பெண் பார்க்க வந்த அன்று நன்றாகத்தான் பேசினார். இறங்கியதும் அதே கப்பலில் திரும்பிவிடலாம் என்று ஒரு முடிவு. அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று அடுத்த நிமிடமே அதற்கு எதிர் முடிவு. நாலு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது.

காங்கேசன்துறையில் குடிவரவு மேசையில் ஒரு சிங்கள அதிகாரி இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். "என்ன விசயமா வந்தனீங்கள்?" என்று அந்தப் பெண் கேட்டார். கோயிலுக்கு என்றேன். எங்கே தங்குவீர்கள் என்றதற்கு முகவரித் தாளை எடுக்க நீல பைலைத் திறந்தேன். அவசரத்தில் எல்லாத் தாள்களும் மேசையில் சரிந்தன. மேலே கிடந்தது திருமணம் ஆகாதவள் என்ற சான்றிதழ். ஆங்கிலத்தில் இருந்ததை அதிகாரி நிதானமாகப் படித்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். குனிந்ததில் கயிறு வெளியே வந்து தொங்கியது.

அவர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னிடம், "கலியாணம் ஆகேல்லை எண்டு பேப்பர் சொல்லுது. கழுத்தில தாலி கிடக்குது. எது பொய் எண்டு கேக்கிறார்" என்றார்.

என்னைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில். கூட வந்தவர்கள் எல்லாரும் பைகளை இழுத்துக்கொண்டு வெளியே போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். தஞ்சாவூர், படகு, விசா மறுப்பு, கழிப்பறைக் கண்ணாடி, ஒற்றை முடிச்சு, எல்லாம். அந்தப் பெண் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். கழிப்பறை வந்தபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"அவரைக் கடைசியா எப்ப நேரில கண்டனீங்கள்?"

"காலேஜ் கடைசிப் பரீட்சை அன்னிக்குங்க. அதுக்கப்புறம் பாக்கல."

வாசலில் காத்திருந்த அவரை அழைத்துவரச் சொன்னார்கள். அவர் அறையைக் கடந்து போனபோது எனக்குத் திக்கென்றது. வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும். அவர் என்னைவிடக் குள்ளம் என்பதையே மறந்திருந்தேன். இவர்தானா என்று ஒரு கணம் சந்தேகம். அடுத்த அறையில் அவரைத் தனியாக விசாரித்தார்கள். அரை மணி நேரம் இருக்கும்.

அந்தப் பெண் திரும்பி வந்தார். "ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்லுறீங்கள். பரீட்சைக்குப் பிறகும் கண்டதெண்டு அவர் சொல்லுறார்."

என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவரை என்ன செய்வார்கள்? "இல்லைங்க, பாக்கவேயில்லைங்க" என்றேன்.

"தஞ்சாவூர் பஸ் ஸ்ராண்டில. மார்க்சீட் வாங்க வந்த நாள். நீங்கள் அவருக்குப் புளிச்சாதம் ரெண்டு பார்சல் வாங்கிக் குடுத்தனீங்களாம், ஒண்டு தகப்பனுக்கு எண்டு."

அப்போதுதான் நினைவு வந்தது. நல்ல வெயில். அப்பாவால் எதுவும் சாப்பிட முடியவில்லை, புளிச்சாதம் மட்டும் கேட்கிறார் என்று அவர் சொன்னார். நான் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காரைக்கால் பஸ்ஸில் ஓடி ஏறினேன். ஐந்து நிமிடச் சந்திப்பு. எனக்கு அது சுத்தமாக அழிந்துபோயிருந்தது. "ஆமாங்க, ஆமாங்க" என்றதும் அதுவரை வராத அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் சிங்களத்தில் அதிகாரியிடம் என்னவோ சொன்னார். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். முத்திரை விழுந்தது. வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தால் ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லியிருப்பினம் எண்டு சொன்னனான். பயப்பிடாமப் போங்கோ. இனிமேல் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ."

வாசலில் எனக்காக நின்றிருந்த அவர் என் கழுத்தைப் பார்த்தார். "இது ஆர் கட்டினது?"

"நான்தான்." கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று அதற்கும் பயம்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்று சூட்கேஸை வாங்கிக்கொண்டார். பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட அன்று, அவருடைய அக்கா விளக்கேற்ற, மிச்சமிருந்த இரண்டு முடிச்சுகளை அவர் போட்டார். அவர் விரல்களும் நடுங்கியதைப் பார்த்தபோதுதான், பயந்தவள் நான் மட்டுமில்லை என்று புரிந்தது.

ஆனால் பயம் அன்றோடு முடியவில்லை. மனைவிக்கான விசாவுக்குக் கொழும்பில் விண்ணப்பித்து, சுற்றுலா அனுமதி தீர்வதற்குள் கிடைக்குமா என்று நாட்களை எண்ணினேன். நேர்காணலில் மறுபடியும் தனித்தனி அறை. இந்தத் தடவை எனக்கும் புளிச்சாதம் நினைவிருந்தது. நீட்டிப்பு ஒன்று வாங்கி, அதுவும் தீர நாலு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு உண்மையைப் போனில்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணன் என் எண்ணைத் தடுத்துவிட்டான், அந்தத் தடையை இன்றுவரை எடுக்கவில்லை. அம்மா நாலு மாதம் பேசவில்லை. ஒரு பிற்பகல், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எண் வந்தது. அண்ணன் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி எடுத்தேன்.

"அங்க என்ன அரிசி?" என்றாள், வேறு எதுவும் கேட்காமல்.

"சிவப்பரிசிம்மா."

"வயித்துக்கு ஒத்துக்குதா?"

"முதல்ல ஒத்துக்கல. இப்ப பழகிடுச்சு."

"அந்தப் பையன் நல்லா வச்சிருக்காரா?"

நல்லா வச்சிருக்காரும்மா என்றேன். "சரி, நாத்து பறிக்க ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டாள். ஈரத் துணி கையில் இருக்க, கொடிக்கடியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.