எக்ஸ்பி கம்ப்யூட்டரில் அத்தை பேசியது

என் அத்தைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான். அந்தப் பேச்சு வீட்டில் எனக்குத்தான் நன்றாகப் புரியும் என்பதால், நாலாவது படிக்கும்போதே முதுநகரில் எங்கள் தெருவில் எனக்குத் தனி மரியாதை. மீன்காரம்மா அத்தையிடம் விலை சொல்வதென்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் சிதம்பரத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. ஒரு டிடிபி கடையில் வேலை. கூடம் நிறைய ஜனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் போனதும் அப்பா சம்மதம் கேட்டார். மாப்பிள்ளையோடு தனியாகப் பேசாமல் பதில் சொல்ல மாட்டேன் என்று அத்தை என் மூலமாகச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ண சிதம்பரத்துக்கு அனுப்பிப் பேச வுடுவாங்களா? ஊரு இன்னா பேசும்?" என்று அப்பா குதித்தார். எழுதிக் கேட்கலாமே என்றாள் அம்மா. அத்தை அதற்கும் மசியவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததோ பட்டன் போன்கள்.

சித்தப்பாதான் வழி சொன்னார். சிப்காட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. நான் அதில் சீட்டாடுவேன். "வீடியோ கால் போட்டுத் தரேண்ணா. வூட்ல உக்காந்தே பேசட்டும்" என்று எங்கிருந்தோ ஒரு கேமராவும் இரவல் வாங்கி வந்தார்.

கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் இருந்தது எக்ஸ்பி என்கிற பழைய விண்டோஸ். புது சாஃப்ட்வேரை ஏற்றினால், இந்த விண்டோஸில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. விண்டோஸையே மாற்றலாமென்றால் மெமரி போதவில்லை.

விஷயம் எப்படியோ சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் தம்பி பஸ் ஏறி வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். அதே சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன். "அண்ணன் தேடித் தேடி எடுத்தாரு. கடையில இருக்கற பழைய மெஷின்ல போட்டு, ஓடுதான்னு பாத்துட்டுதான் குடுத்தனுப்புனாரு" என்றார். அதை அத்தைக்குக் கையால் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பழையது சமர்த்தாக ஏறியது. திறந்ததும், புது வெர்ஷன் வந்திருக்கிறது, அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டது. சித்தப்பா யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர். சரி என்று அழுத்தினார். புதியது வந்தது, கூடவே அந்த ஆங்கிலப் பெட்டியும் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். அது மறுபடி கேட்டது. அவர் மறுபடி சரி என்றார். "இன்னா கருமம்டா இது! நல்லா ஓடுது, உடனே படுத்துக்குது!"

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அடுத்த முறை அது கேட்டபோது சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டு, மவுஸைப் பிடித்து 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

திரையில் மாப்பிள்ளை வந்தார். படம் விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னா சொல்றாரு, சொல்லு" என்று அப்பா அவசரப்படுத்தினார். நான்கு கைகளும் பறந்தன. காது கேளாதோர் பள்ளிகளில் பழகிய கைப்பேச்சு அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை திரும்பி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தொட்டுக் கதவைக் காட்டினாள்.

"அத்தைக்கு என்னப் புடிக்காமப் போச்சு" என்று அம்மா மடியில் விழுந்து அழுதேன். உள்ளே அத்தை சிரிப்பது கேட்டது. அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நாங்கள் கேட்டதேயில்லை. அப்பா "தட்டு மாத்த நாள் பாத்துடலாம்" என்றார்.

அன்று இரவு நான் அத்தையோடு பேசவில்லை. அதுவரை அவள் என்னிடம் பேசியதெல்லாம் ஒரு குழந்தைக்குப் புரிகிற அளவு மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.