சொல்தாவின் குவளை

உமாமகேஸ்வரி அரிசிப் பானையைத் திறந்தாள். பானையில் அரிசி இருந்தது, குவளையைத்தான் காணோம்.

அலுமினியக் குவளைதான். ஒரு பக்கம் நசுங்கி, கைப்பிடி லேசாக ஆடுகிற பழைய சாமான். இப்போதெல்லாம் அப்படி ஒன்றை யாராவது தொலைத்துவிட்டால் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். உமாமகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"ஏங்க, அரிசி அளக்குற குவளைய பாத்தீங்களா?"

வைத்தியலிங்கம் வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து அப்போதுதான் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். "பாப்பா எடுத்துக்கிட்டுப் போச்சே. பள்ளிக்கூடத்துல ஏதோ கண்காட்சியாம். பழைய சாமான் கொண்டாரச் சொன்னாங்களாம். நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்களா?"

"அரிசி அளக்குற குவளைய யாரு உத்துப் பாக்கப்போறா, உமா? நீ எதுக்கு இப்ப வேர்த்து விறுவிறுத்து நிக்கிற?"

அவனுக்குத் தெரியும், எதற்கு என்று. கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் வைத்தியலிங்கம் ஒரு பயத்தை ஒரு தடவை கேட்டால் அது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிற ஆள். நெரவியில் மூன்று மா நிலமும், மழை வருமா வராதா என்ற கவலையும் அவனுக்குப் போதுமானவையாக இருந்தன. உமாமகேஸ்வரியின் பயமோ தினமும் காலையில் அவளோடு எழுந்து, அவளோடு பஸ் ஏறி, அவளோடு அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து, அவளோடு திரும்பி வருகிற பயம்.

அந்தக் குவளை அவளுடைய அப்பா சோமசேகரனுடையது. சோமசேகரன் சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாவில் சேற்றுக்குள் நின்று சண்டை போட்டவர். ஓய்ந்திருந்த ஒரு மழை நாளில் ஆணியால் குவளையின் வயிற்றில் தன் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் கீறி, கீழே பட்டாள எண்ணையும் கீறியிருந்தார். ஊர் திரும்பிய பிறகு அவரிடம் இரண்டு கொடிகள் இருந்தன, இரண்டும் ஒரே டிரங்குப் பெட்டியில். பிரெஞ்சுக்காரரின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு அணிவகுத்துப் போவார். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வாசலில் நம் கொடியைக் கட்டிவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். இதில் ஏதாவது இடிக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதாதவர்கள் இந்தியர்கள். பென்ஷனுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று சோமசேகரன் எழுதிக் கொடுத்தார். கூடவே மனைவி, நாலு வயது மகள் உமாமகேஸ்வரி. சீனிக்குக் கியூவில் நிற்கிறவர் வீட்டில் எத்தனை தலை என்று கேட்டால் சொல்வாரே, அந்த மாதிரி எல்லாரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அதோடு அந்தக் குழந்தை காகிதத்தில் பிரெஞ்சுக்காரி ஆனது. அதற்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது கோவில்பத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

அப்பா இறந்த பிறகு, மாமா ஒருவர் எண்பத்து மூன்றில் அவளை வேலைக்குச் சேர்க்க ஓர் அரசு அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். இந்தியர்தானே என்று கேட்டார்கள். உமாமகேஸ்வரி ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வாள்? அதுதான் அவளுக்கு உண்மையாகவும் பட்டது. அன்று சாயங்காலம் அம்மா வடிவாம்பாள் அந்தப் பிரெஞ்சுக் காகிதங்களையெல்லாம் அடுப்பில் வைத்தாள். பதக்கங்களை அரசலாற்றில் போட்டாள். குவளையைக் கையில் எடுத்தவள், "இது அரிசி அளக்க ஆவும்டி" என்று பானைக்குள் போட்டுவிட்டாள். அழுதாளா என்று மகள் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

இங்கே அடுப்பில் எரித்தால் பாரீசில் எரியுமா? அந்த ஊர்க் காகிதத்தில் அவள் பெயர் இன்னும் இருக்கும், யாராவது ஒருநாள் எடுத்துப் பார்ப்பார்கள், வேலை போகும், பொய் சொல்லிச் சேர்ந்ததாக வழக்கு வரும் என்று இருபத்து நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரியிலிருந்து நீள உறை எது வந்தாலும் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். ஓட்டுப் போடப் போனால் மைக்கு விரலை நீட்டுமுன் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். இந்த ஊரில் பாரீசுக்குப் போகலாம் என்று அந்தப் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்துக்காகவே பெண் தேடி அலைகிற மாப்பிள்ளைகள் உண்டு. "பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கா" என்பதுதான் தரகரிடம் முதல் கேள்வி. ஊரே தவம் கிடக்கிற ஒன்றை இவள் திருட்டுப் பொருளைப் போலப் பதுக்கிக்கொண்டிருந்தாள்.

கடல் பொங்கி வந்த வருஷம் அவளைக் கடலோரக் கருக்களாச்சேரிக்கு நிவாரண வேலைக்குப் போட்டார்கள். மாரியம்மாள் என்று ஒரு மீன்காரப் பெண், ரேஷன் கார்டு, பத்திரம், போட்டோ எல்லாம் போய்விட்டது, நான் யார் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே என்று இவள் கையைப் பிடித்து அழுதாள். உமாமகேஸ்வரிக்கு அந்த நேரத்திலும் அவள்மேல் பொறாமை வந்தது. வந்ததே என்று பிறகு தன்னையே வெறுத்தாள்.

இப்போது குவளை போயிருந்தது. அன்று இரண்டாயிரத்து ஏழு, ஆகஸ்டு பதினாறு. சட்டப்படி சேர்ந்த நாளுக்கான விழா. மகள் பாரதிப்ரியா பிளஸ் டூ படிக்கும் பள்ளியில் "நம் வீட்டில் நம் வரலாறு" என்று கண்காட்சி. திறந்துவைக்க வருகிறவர் ஆணையர் சசிதரன் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. உமாமகேஸ்வரிக்கு மேலதிகாரி அவர். அப்பா பெயரும் பட்டாள எண்ணும் அவர் கண்ணில் பட்டால், நூல் பிடித்து அவள் பெயர் வரைக்கும் வந்துவிடலாம்.

அவள் சேலையை மாற்றினாளா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள். அரசலாற்றுப் பாலத்தில் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தினார். அவர் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கண்டதும் அவள் முன்சீட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஊர்வலத்துக்கு வழிவிடத்தான் நிறுத்தினார். அந்தத் தொப்பியும் பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போனதுதான். தொப்பியை மட்டும் நீ எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் மேசைகளை வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கூடப் படிக்கும் முகம்மது இப்ராஹிம் வீட்டிலிருந்து வந்த சைகோன் பீங்கான் ஜாடி, யாரோ கொடுத்த பிரெஞ்சிந்தியா நாணயங்கள், சாவி தொலைந்த ஒரு கடிகாரம். ஓரத்தில் குவளை. புளி போட்டுத் தேய்த்திருந்தாள் பாரதிப்ரியா. அது பளபளவென்று, வாசலிலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் அவள் அப்போதுதான் கைப்பட எழுதி வைத்த அட்டை: "என் தாத்தா சோமசேகரன், பிரெஞ்சு இராணுவ வீரர், பயன்படுத்திய குவளை. இன்றும் எங்கள் வீட்டில் இதில்தான் அரிசி அளக்கிறோம்."

உமாமகேஸ்வரி அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அம்மா! என்ன பண்றீங்க? அதுதான் முதப் பரிசு வாங்கும்னு கல்யாணசுந்தரி மிஸ் சொன்னாங்க."

"குவளைய எடு. வீட்டுக்குப் போவலாம்."

"எதுக்கும்மா?"

"ஆணையர் இத பாத்தார்னா என் வேலை போயிடும் பிரியா. கேள்வி கேக்காத. எடு."

எடுத்திருப்பார்கள். அதற்குள் தலைமையாசிரியை கல்யாணசுந்தரி வந்துவிட்டார். "வாங்க உமாமகேஸ்வரி, உங்க பொண்ணு கொண்டாந்ததுதான் எல்லாத்துலயும் டாப்பு. குவளையில கைய வைக்காதீங்க, ரேகை விழுந்துடும்" என்று சிரித்துக்கொண்டே இவளை நகர்த்தி நிறுத்தினார். வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஆணையர் வந்துவிட்டார்.

சசிதரன் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி, ஜூஸ் குடித்துவிட்டுப் போயிருப்பார். இவருக்குப் பழைய பொருள் என்றால் உயிர். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, குனிந்து, விசாரித்து வந்தார். அவர் ஜாடியிடம் நின்றபோது உமாமகேஸ்வரி குவளைக்கு இன்னும் எத்தனை சாமான் என்று எண்ணினாள். நாணயங்களிடம் நின்றபோது முந்தானை நுனி அவள் கையில் நனைந்துபோயிருந்தது.

"அட, நம்ம உமாமகேஸ்வரி! உங்க பொண்ணா இது?"

"ஆமாங்க சார்."

அவர் குவளையைக் கையில் எடுத்தார். "இது சொல்தாங்க வச்சிருந்ததுல்ல? எங்க கிடைச்சுது பாப்பா இது?"

பாரதிப்ரியா அம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். "இது எங்க..." என்று தொடங்கிவிட்டாள்.

"நாகூர் கந்தூரியில வாங்குனதுங்க சார்" என்றாள் உமாமகேஸ்வரி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ரோட்டோரக் கடையில பழைய பாத்திரம் போட்டு வித்தான். அரிசி அளக்க ஆவுமேன்னு வாங்கினேன்."

"பேரு போட்டிருக்கே." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "சோ...மசே...கரன். ஆளு நம்ம பக்கந்தான் போலருக்கு. யாருன்னு விசாரிச்சீங்களா?"

"இல்லீங்க சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும்?"

"தெரியாதுங்க சார். யாருன்னே தெரியாது."

சொல்லிவிட்டாள். பெற்ற தகப்பனை, தோளில் தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோன மனிதரை, யாருன்னே தெரியாது என்று மைக் வைத்திருக்கிற சபையில் சொல்லிவிட்டாள். பூமி பிளக்கவில்லை. ஆணையர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பாவம். எங்கியோ போயி எவனுக்காகவோ சண்ட போட்டு, உசிரோட திரும்பி வந்திருக்கான். வீட்டுல இருந்ததுங்க கந்தூரிக் கடையில போட்டிருக்குதுங்க பாருங்க. தகப்பன் பேரு எழுதின சாமானை விக்கிறதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ."

"ஆமாங்க சார்" என்றாள் உமாமகேஸ்வரி.

அவர் கல்யாணசுந்தரியிடம் திரும்பினார். "டீச்சர், உரிமை கொண்டாட யாரும் இல்லாத பொருள். பள்ளிக்கூடத்துக் கண்ணாடி பீரோவுல வச்சுடுங்களேன். நம்ம பிள்ளைங்க பாக்கட்டும். என்னங்க உமாமகேஸ்வரி, உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க சார். வச்சுக்கங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆணையர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். உமாமகேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். வேலை போகவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

பாரதிப்ரியா அருகில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அது நம்ம தாத்தாதானேம்மா" என்றாள் மெதுவாக. "யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உமாமகேஸ்வரி சொன்னாள். தாத்தா எழுதிக் கொடுத்ததை, தன்னையும் சேர்த்து எழுதியதை, அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்ததை. நாலைந்து வாக்கியம்தான். சொல்லி முடித்தபோது மகளின் முகத்தில் கோபம் இல்லை. அவள் சட்டென்று வாசலைப் பார்த்தாள், பிறகு ஆணையரை, பிறகு பக்கத்து மேசையில் நின்ற தோழி கேட்டிருப்பாளோ என்று அவளை. உமாமகேஸ்வரிக்கு அந்தப் பார்வை தெரியும். கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"பாரதிப்ரியா, அதுக்கு அட்டையக் காணோமே. வேற ஒண்ணு எழுதும்மா, போட்டோக்காரர் வந்துட்டார்" என்று கல்யாணசுந்தரி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

பாரதிப்ரியா புது அட்டை ஒன்றை எடுத்து, கையை ஊன்றி, தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். எழுதியதை அம்மாவிடம் நீட்டினாள்.

"பிரெஞ்சு இராணுவக் குவளை. உரியவர் தெரியவில்லை."

"சரியா இருக்காம்மா?"

உமாமகேஸ்வரி படித்தாள். தலையை ஆட்டினாள்.

பாரதிப்ரியா அட்டையைக் குவளையோடு சாய்த்து வைத்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். ஏதோ தோன்றியவளாகத் திரும்பி வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, தாத்தாவின் பெயர் சுவர்ப் பக்கம் போகும்படி குவளையைத் திருப்பி வைத்தாள்.