எட்டுப் பேரும் தமிழ்

கணக்கெடுக்க வந்தவனிடம் நான் தப்பாகப் பதில் சொன்னேன். அதனால் ஒருவனுக்குப் படுக்கை போயிற்று. அதற்குப் பிறகு பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதலில் மற்றவர்கள் மேல் வரும், கடைசியில் என் மேல் வந்து நிற்கும்.

ஷார்ஜா நகரத்திலிருந்து உள்ளே, கடல் கண்ணில் படாத பக்கத்தில், எங்கள் கம்பெனி தண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தது. பேரீச்சைத் தோட்டங்கள், ஒட்டகப் பட்டிகள், நடுவில் ஒரு ரோடு, ரோட்டை விட்டுத் தள்ளி எங்கள் கேம்ப். அந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் படிவம் எதுவும் இல்லாமலே நான் சொல்லியிருப்பேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் பெங்காலி. டிராக்டர் ஓட்டுகிறவன் பட்டான். ஒட்டகம் மேய்க்கிறவர் சூடான்காரர். கேட்டில் நேபாளி, டீக்கடையில் மலையாளி, ஆபீஸில் எகிப்துக்காரரும் பிலிப்பினோவும். குழிக்குள் நிற்கிறவர்கள் நாங்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் எங்கள் எல்லாரையும்விடக் குறைவு. அவர்கள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் குரல் கேட்டால் யாரோ வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருக்கு எது வருமென்று யாரும் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்தே வேலையும் வந்தது, சம்பளமும் வந்தது, பஸ்ஸில் சீட்டும் வந்தது.

எங்கள் அறையில் எட்டுப் பேர். ஏழு பேர் தமிழ்நாடு. எட்டாவது ஆள் இலங்கை மலைநாடு, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கேம்பைப் பார்த்த முதல் நாளே, "எங்க லயத்தையே தூக்கிட்டு வந்து மணல்ல வச்சிருக்காங்கண்ணே" என்று சிரித்தான். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். அவனுடைய தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவராம்.

எங்களில் மூத்தவர் கம்பி கட்டும் வேலைக்காரர். அவர் விடவில்லை.

"திருச்சின்னா எந்தப் பக்கம்? என்ன ஆளுங்க நீங்க?"

"தெரியாதுங்கண்ணே. லயத்துல எங்களுக்கு நம்பர்தான் இருந்துச்சு."

"தெரியாதுன்னா தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அறையில் சமையல் முறை வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு நாள். அன்று சமைக்கிறவன் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை ரூம் லீடராக்கி, தாளில் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன்; எழுதச் சொன்னால் எனக்குப் பெருமை. கம்பி கட்டுபவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ஏழு நாளு, ஏழு ஆளு. கணக்கு சரியாப் போச்சு. நீ டீ போடுப்பா, டீ உங்க நாட்டுச் சரக்குதானே."

அவன் ஒன்றரை வருஷம் டீ போட்டான், பாத்திரம் கழுவினான். கொதிக்கிற டீயில் ஒன்றும் ஒட்டாது போலிருக்கிறது, எல்லாரும் குடித்தார்கள். அரிசியை மட்டும் அவன் தொட்டதில்லை. எனக்கு அது தெரியாது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் நாடு முழுக்கத் தலைக்கணக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். ஒரு சாயங்காலம், டியூட்டி முடிந்து குளிக்க வரிசையில் நின்றபோது, வெள்ளை உடுப்பில் ஓர் உள்ளூர்ப் பையனும் அவனுக்காக இந்தியில் பேசும் ஒரு துபாஷியும் எங்கள் அறைக்கு வந்தார்கள். பின்னால் கேம்ப் பாஸ் நின்றார். யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்கிறவர் அவர், எங்கள் ஜில்லாக்காரர்.

"ரூம் மே கித்னா ஆத்மி?" என்றார் துபாஷி, அறையில் எத்தனை பேர் என்று.

"ஆட்," எட்டு என்றேன்.

"கௌன்ஸா முல்க்?"

எந்த நாடு என்றுதான் கேட்டார். எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் எட்டு முகத்தையும் ஒரு தடவை பார்த்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். "தமிழ். சப் தமிழ்." எல்லாரும் தமிழ் என்று.

துபாஷி சிரித்துவிட்டார். "தமிழ் கோயி முல்க் நஹி ஹை, பாய்." அப்படி ஒரு நாடு இல்லையாம். படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. கேம்ப் பாஸ் பாஸ்போர்ட் நகல்களை எடுத்துவரச் சொன்னார். ஏழு இந்தியா, ஒன்று ஸ்ரீலங்கா என்று எழுதிக்கொண்டு அந்தப் பையன் அடுத்த அறைக்குப் போனான். அவன்மேல் குற்றமில்லை, எண்ணச் சொன்னார்கள், எண்ணினான். ஆனால் கேம்ப் பாஸ் போகவில்லை. நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தியா ரூம்ல சிலோன்காரன் எப்படி வந்தான்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்காதிருந்தால் அவர் அந்த நகல்களைப் பார்த்தே இருக்கமாட்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. அவன் சனிக்கிழமைக்குள் பி பிளாக்கில் பன்னிரண்டாம் அறைக்கு மாற வேண்டும். அது இலங்கை அறை. ஆறு பேரும் சிங்களவர்கள்.

சைட்டில் குழாய் நிழலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவன் என் பக்கத்தில் வந்தான். இலங்கையில் சண்டை மறுபடி மூண்டிருந்த சமயம்.

"அந்த ரூம்ல மூணு பேரோட தம்பிமாரு ஆர்மியில இருக்காங்கண்ணே. டிவியில நியூஸ் ஓடும்போது நான் எந்தப் பக்கம் பாக்குறது?"

நான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"ஊர்ல கணக்கெடுத்தா என்னைய இந்தியத் தமிழன்னு எழுதுறாங்க. இங்க சிலோன்காரன்னு எழுதுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பாஸ் உங்க ஜில்லாக்காரருதானே, கேப்பாரு."

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை கேம்ப் பாஸ் வாசலில் வந்து நின்றார். "என்னப்பா லீடரு, உங்க ரூம்ல யாருக்கும் ஆட்சேபனை இல்லையே?"

நான் சொல்ல வேண்டியது மூன்று சொல். அவன் இங்கேயே இருக்கட்டும். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். செருப்பில் ஒட்டிய மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் கம்பி கட்டுபவர் முந்திக்கொண்டார்.

"ஆட்சேபனை என்ன சார், ரூலுன்னா ரூலுதான். அந்தக் கட்டிலுக்கு என் தங்கச்சி மகன் ஜெபல் அலி கேம்ப்ல ரெடியா இருக்கான்."

"அப்ப கலாஸ், முடிஞ்சுது" என்று கேம்ப் பாஸ் கிளம்பினார்.

அவன் மெத்தையைச் சுருட்டினான். யாரும் கை கொடுக்கவில்லை. "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். இருபது முப்பது அடி தூரம்தான். ஏதோ விமானம் ஏறப் போகிறவன் போல எல்லா மூட்டையையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு போனான்.

அவனுடைய டீக் கெண்டி எங்கள் அறையிலேயே கிடந்தது. ஒரு வாரம் அதைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்துக்கொண்டு பி பிளாக்குக்குப் போனேன். கதவைத் தள்ளினால், அவன் பெரிய பானைக்கு முன்னால் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவர்கள் எழுத்தில்.

"இதுதாண்ணே என் பேரு" என்று விரலை வைத்துக் காட்டினான். "வெள்ளிக்கிழமை நானு."

"அதுக்குள்ள பேரு போட்டுட்டாங்களா?"

"வந்த அன்னிக்கே போட்டாங்க."

அங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஓர் இளைஞன் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தலைமாட்டில் ராணுவ உடுப்பில் ஒருவனின் போட்டோ இருந்தது. ஆனால் நியூஸ் நேரத்தில் டிவியை அமர்த்திவிடும் ஒரு பெரியவரும் அங்கே இருந்தார். அவர் தெரிந்த தமிழில், "வா தம்பி, சாப்பிடு, இவன் சோறு நல்லம்" என்று தட்டை நீட்டினார். உட்கார்ந்து சாப்பிட்டேன். தேங்காய்ப் பால் விட்ட மீன் குழம்பு. கடைசியில் அவன் தனக்குப் போட்டுக்கொண்டான்.

"நீ இவ்வளவு நல்லாச் சமைப்பன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எப்படித் தெரியும்? அங்க லிஸ்ட்டு நீங்கதானேண்ணே எழுதினீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அறைக்குத் திரும்பினேன். தங்கச்சி மகன் முந்தின நாளே வந்துவிட்டான். அந்தக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். கம்பி கட்டுபவர் புதுத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார்.

"வாப்பா லீடரு. மருமகன் பேரையும் சேர்த்து எழுதிடு."

"ஏழு நாளுதானே இருக்கு. எட்டுப் பேருக்கு எப்படி?" என்றேன்.

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சிட்டுப் போறோம். எழுது."

அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாகத் தீராத கணக்கு ஒரு மூச்சில் தீர்ந்துபோயிற்று. ஐந்தாறு நாட்டுக்காரர்களைக் கட்டம் கட்டி எழுதிக்கொண்டு போனவனை இந்த அறையில் எல்லாரும் திட்டியிருந்தோம். அவன் கட்டத்தைவிடச் சின்னக் கட்டம் எங்களிடம் இருந்தது. அதை என் கையால், நல்ல கையெழுத்தில், கதவில் ஒட்டியிருந்தேன்.

பேனாவை எடுத்தேன். புதுத் தாளில் எழுதவில்லை. கதவில் இருந்த பழைய தாளில் என் பேரை அடித்தேன். தாள் கிழிகிற மாதிரி அடித்தேன்.

"என்னப்பா பண்ற? பைத்தியமா உனக்கு?"

"இனிமே நான் தனியாப் பொங்கிக்கிறேன்."

"அப்ப உன் நாளு யாரு செய்யறது?"

வாசலில் கேம்ப் பாஸ் கேட்டபோது வராத குரல் இப்போது வந்தது. யாருக்கும் உதவாத நேரத்தில் வந்தது.

"மருமகனோட சேர்த்து நீங்க ஏழு பேரு. ஏழு நாளு, ஏழு ஆளு" என்றேன். "கணக்கு சரியாத்தான் இருக்கு."