நான்கு சொல் சோமாலியும் ஒரு கேசட்டும்

போன வாரம் மானாம்பதி பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்து என்னை அறிமுகப்படுத்தினார். "சாருக்கு ஆறு மொழி தெரியும். அதில் ஒன்று சோமாலி!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எழுந்து நின்று, 'ஐயா, அது தப்பு' என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சால்வைக்குத் தோதாகக் கழுத்தை நீட்டினேன்.

எனக்குத் தெரிந்த சோமாலி மொத்தம் நான்கு சொல். நபத் என்றால் அமைதி. ஹா என்றால் ஆமாம். கேல் என்றால் ஒட்டகம். ஹோயோ என்றால் அம்மா. இதை வைத்துக்கொண்டு எங்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கூட வாங்க முடியாது.

நான்கோடு நின்றுபோனதற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சால்வை உறுத்துகிறது... உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் காதர் பாய், தன் வீட்டு மாடியை ஒரு சோமாலியா மாணவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பெயர் அப்தி. காஞ்சிபுரம் பக்கம் ஒரு காலேஜில் படிப்பு. சொந்த நாட்டில் சண்டை. அம்மா கென்யாவில் ஓர் அகதி முகாமில் இருந்தார்.

நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரிடம் சோமாலி வகுப்பு. மொழி ஆர்வம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாத மொழி — நான் தப்பாகப் பேசினாலும் கண்டுபிடிக்க ஆள் கிடையாது!

ஆறு மாதத்தில் எனக்கு நான்கு சொல் ஏறியது. அதே ஆறு மாதத்தில் அப்தி, பாய் கடையில் சும்மா உட்கார்ந்தே, "இன்னா சார், நாஷ்டா ஆச்சா? காலைல பஸ்ஸு ஒரே பேஜாரு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

சொல் ஏறாவிட்டாலும் சேதி ஏறியது. அரசாங்கம் அவர்கள் மொழிக்கு எழுத்து என்று ஒன்றை முடிவுசெய்து அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதுவரை எல்லாம் வாயில்தான். பெண் கேட்கப் பாட்டு, வம்புக்கு இழுக்கப் பாட்டு, வெட்டுக்குத்தை நிறுத்தி சமாதானம் பேசவும் பாட்டு. ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் சொன்னால், முதலில் கட்டியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. இதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்தேன்.

அப்தியின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் கடிதம் கேசட்டில் வந்தது. கை மாறிக் கை மாறி, பம்பாய்க்கு வந்த யாரோ ஒருவர் மூலம், பாய் கடை விலாசத்துக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.

அப்தியிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. என் வீட்டு டூ-இன்-ஒன்னில் போட்டுக் கேட்டார். கால் மணி நேரம், முழுக்கப் பாட்டு. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரே எழுத்தில் மோனை! நான்கு ஞாயிறு வந்து கேட்டார். கேட்டுவிட்டு, டேப்பை முதலுக்குச் சுற்றி வைத்து, கேசட்டை மெஷினிலேயே விட்டுப் போவார். என் வீட்டில் இருந்தால் பத்திரமாம்.

அந்தச் சமயத்தில் எனக்கு வானொலியில் பேச ஒரு வாய்ப்பு வந்தது. தலைப்பு — 'பேச்சு மொழியைப் பாதுகாப்போம்'. ஒத்திகை பார்க்க வேண்டாமா? சிவப்புப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு ஆரம்பித்தேன். உள்ளே என்ன கேசட் என்று பார்க்கவில்லை. என் குரல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

இருபது நிமிஷம் முழங்கிவிட்டு நிமிர்ந்தால், கத்தரிக்காய் நறுக்கிய கையோடு மனைவி நிற்கிறாள்.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க? அதுல அந்தப் புள்ளையோட அம்மா கேசட்டு இல்ல இருந்துச்சு?"

ரீவைண்ட் செய்து போட்டேன். 'அன்பார்ந்த நேயர்களே' என்றது மெஷின். அந்த அம்மா பாடியது கால் மணி நேரம், நான் பேசியது இருபது நிமிஷம்... மிச்சம் மீதி வைக்கவில்லை.

"டேப் சிக்கிக்கிச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"பொய் வேற சொல்லப் போறீங்களா? அந்தப் புள்ள வரட்டும். உங்க வாயால நீங்களே சொல்லுங்க."

ஞாயிறு அப்தி வந்தார். சொன்னேன். அவர் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

"பாட்டு போகல சார். கொரலுதான் போச்சு."

மெஷினை என் பக்கம் தள்ளினார்.

அவரே சொன்னார். "அதே கேசட்டுல மொதல்லேர்ந்து ரெக்கார்டு போடு சார்."

முதலில் அம்மாவின் பெயர். அம்மாவின் அப்பா பெயர். எங்கே, யாருக்காகக் கட்டியது என்பது. அதன் பிறகு பாட்டு. கையில் காகிதம் இல்லை, எங்கும் தடுமாறவில்லை. நான்கே தடவை கேட்ட கால் மணி நேரப் பாட்டு! எனக்கு நடுவில் இரண்டு இடத்தில் 'நபத்' மட்டும் புரிந்தது. ஒரு சொல்லும் புரியாத என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானோ, போன வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் என்ன எழுதினேன் என்று கேட்டால்கூட, பழைய இதழைத் தேடுகிறவன்.

வகுப்பு அன்றோடு நின்றது. அவர் நிறுத்தவில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்து ஐந்தாவது சொல்லைக் கேட்க வெட்கம்.

படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போகிற அன்று கேசட்டை மறக்காமல் வாங்கிக்கொண்டார். பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் காஞ்சிபுரம் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் பாட்டு கால் மணி நேரம். அதற்கு அடியில் என் உரை இருபது நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷம் அழியாமல் அப்படியே இருக்குமே!

இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ. அங்கே ஏதோ ஒரு வீட்டில், அம்மா பெயரைச் சொல்லி ஆரம்பித்த பாட்டு முடிந்ததும், சுத்தத் தமிழில் நான் கிளம்புவேன்... 'ஆகவே நேயர்களே, பேசும் சொல்லைக் காப்பது நம் அனைவரின் கடமை!'

அப்தி, பாட்டு முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிடப்பா.