முதல் கூடை விழும் வரை

ஆர்லிஸ் டீமையர் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பனியிலும் சேற்றிலும் ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவள். உட்கார்ந்து பார்த்த வேலைக்கெல்லாம் சனிக்கிழமைகளில் நின்று ஈடுகட்ட வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது. எழுதியவர் அவள் கணவர் வெர்லின்.

வெர்லினுக்கும் ஹார்ட்வெல் கல்லூரிக்கும் ரொம்ப நெருக்கம். எப்போதோ ஒரு குளிர்காலத்தில் அதன் வாசலில் பனி அள்ளிக் கொடுத்திருக்கிறார். அந்த உரிமையில், கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தன்னைத் தானே காவலராக நியமித்துக்கொண்டார். அணியின் பெயர் காட்டுக்கோழிகள். ஆட்டமும் பெயருக்குக் குறை வைக்காது.

ஆனால் வெர்லினுக்கு ஆட்டத்தைவிட வழக்கம் முக்கியம். நம் அணி முதல் கூடை போடும் வரை, அதாவது முதல் பந்து வளையத்துக்குள் விழும் வரை, ரசிகர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். இந்த வழக்கம் மற்ற ஊர்களிலும் உண்டு; அங்கே யாராவது நைசாக உட்கார்ந்துவிட்டால் கேட்க ஆளில்லை. இங்கே வெர்லின் இருந்தார். நிறைமாத கர்ப்பிணியைக்கூடத் திரும்பி முறைத்த புண்ணியவான். போதாததற்குத் தன் பங்குக்கு ஒரு சட்டமும் சேர்த்திருந்தார்: ஃப்ரீ த்ரோ செல்லாது. எதிரணி செய்த தவறுக்காக, யாரும் தடுக்காமல் எறிய விடுகிற பந்து அவர் கணக்கில் பிச்சை.

ஜனவரியில் ஆர்லிஸுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது வெர்லின்தான் அக்கறையாகத் தலையாட்டினார். மார்ச்சில் வட்டாரக் கல்லூரிகள் மோதும் கான்ஃபரன்ஸ் போட்டி வந்தது. எட்டு அணிகளில் காட்டுக்கோழிகளுக்கு எட்டாவது இடம். அதனால் முதல் ஆட்டமே முதலிடத்து அணியோடு. தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ரெண்டு நிமிஷம் நிப்போம், கூடை விழும், உக்காந்துருவோம்" என்றார் வெர்லின், காரில்.

"யாரு போடுவா? எதிர் டீமா?"

அவர் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார். 'நீ உட்கார்' என்று இவர் வாயால் ஒரு தடவை வருமா பார்ப்போம் என்று அப்போதே ஆர்லிஸ் முடிவு செய்துகொண்டாள். வராமல் தானாக உட்காரக் கூடாது. கல்யாண வாழ்க்கையில் அவள் கேட்காமல் கேட்ட வரம் அது ஒன்றுதான்.

ஆட்டம் தொடங்கியது. வெர்லினும் ஆர்லிஸும் முதல் வரிசையில் நின்றார்கள். எதிரணி பதினான்கு புள்ளி எடுத்துவிட்டது. காட்டுக்கோழிகள் பந்தைக் கூடையைத் தவிர எல்லாவற்றின் மேலும் எறிந்து பார்த்தார்கள். ரசிகர்களின் கைதட்டல் மாரடிப்பதுபோல ஆகிவிட்டது. பின் வரிசையில் பல் டாக்டர் டுவைட்டின் நாச்சோஸ் சிப்ஸ் மேலிருந்த சீஸ் ஆறிக் கெட்டியாகிவிட்டது. அப்போது பன்னிரண்டாம் நம்பர் பெண்ணுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. விழுந்தது. அப்பாடா என்று மொத்தக் கூட்டமும் உட்காரப் போனது.

வெர்லின் திரும்பினார். "எந்திரிங்க! ஃப்ரீ த்ரோ கணக்குல வராது!"

"யோவ் வெர்லின், இது என்ன மேட்சா, வேண்டுதலா?" என்றார் டுவைட். என்றாலும் எழுந்தார். முனகிக்கொண்டே எல்லாரும் எழுந்தார்கள்.

ஆர்லிஸின் முழங்கால் அடுப்பாக எரிந்தது. வரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றிலும் கைதட்டல் நின்றது. டுவைட்டுக்குப் பொழுது விடிந்ததுபோல இருந்தது. "ஏன் வெர்லின், சட்டம் எல்லாருக்கும்தானே? சொல்லேன், கேப்போம்."

வெர்லின் வாயைத் திறந்தார்.

"கத்து. ஊரையே பாத்துக் கத்துன, என்னை மட்டும் ஏன் விடணும்?" என்றாள் ஆர்லிஸ். அவள் இரண்டு கைகளும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தன் ஊதா ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டினார். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, அவள் இருக்கைக்கு முன்னால் இருந்த இடுக்கில் மண்டியிட்டு, அவள் காலைத் தூக்கி அந்த ஜாக்கெட்டின்மேல் வைத்தார்.

"வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன?"

"நீ கேப்பேன்னு இருந்தேன்."

"நான் ஒரு மடையன்" என்றார் வெர்லின். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அந்த நேரம் பார்த்துக் கூரை அதிர்ந்தது. மொத்தக் கூட்டமும் ஒருசேர உட்கார்ந்தது.

"விழுந்துச்சா? யாரு போட்டா?"

இத்தனை வருஷமும் ஆர்லிஸ் நின்றபடி கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். இன்று அவர் தலைக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"பன்னண்டாம் நம்பர். இடது கையால போட்டா. போர்டுல பட்டு உள்ள போச்சு. அழகா இருந்துச்சு."

"ஐயோ, பாக்காம விட்டுட்டேனே!" என்று வெர்லின் பதறிக்கொண்டு எழப் போனார். அவள் அவர் தோளை அழுத்தினாள்.

"எங்க எந்திரிக்கிற? கூடை விழுந்தாச்சு. உக்காரு."